பழைய காருக்குக் காயலான் கடை மீட்டரும் ஸ்டீரியோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வட்டாரங்களில் பழைய கார்களை விற்க மனமில்லாமல் வைத்து ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள். உடைக்கப்பட்ட வண்டிகளிலிருந்து எடுத்த மீட்டர், ஸ்டீரியோ ஆகியவற்றைத் தங்கள் காரில் பொருத்த நினைக்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஒயரிங் வேலையைத் தாமே செய்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுப்பவர்களுக்கு, என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பதாவது தெரியவரும்.

எந்தக் கார்களில் இந்த வேலையைச் செய்யலாம்?

எஞ்சினுக்கும் மீட்டர் போர்டுக்கும் இடையே கணினி வழிப் பேச்சு இல்லாத எல்லாக் கார்களிலும் செய்யலாம். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, 1993இல் வந்த ஜென், அதற்கடுத்த எஸ்டீம் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஒவ்வொரு முள்ளுக்கும் தனியாக ஒரு ஒயரோ ஒரு கேபிளோ வருவதால், எது எங்கே போகிறது என்பதை ஒரு டெஸ்ட் லேம்பும் ஒரு மல்டிமீட்டரும் கொண்டே கண்டுபிடித்துவிட முடியும்.

மீட்டர், ஸ்டீரியோ இரண்டில் எதை முதலில் மாற்றுவது?

மீட்டரை முதலில் சரிசெய்யுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70 என்று மலைப்பாதைகள் சூழ்ந்த நாடு இது. இரண்டாம் கியரில் நெடுநேரம் ஏறும் பழைய எஞ்சினுக்கு ஹீட் மீட்டர் உண்மையைச் சொல்ல வேண்டும். தவறாகக் காட்டும் மீட்டர், வேலை செய்யாத மீட்டரைவிட ஆபத்தானது. முள் நடுவில் நிற்கிறது என்று நம்பி ஏறுபவர் ஹெட் கேஸ்கட் போன பிறகுதான் வண்டியை நிறுத்துவார். மேலும், ஸ்டீரியோவுக்காக டேஷ்போர்டைக் கழற்றி மாட்டிய பிறகு மீட்டருக்காக மறுபடியும் கழற்றினால், வெயிலில் காய்ந்துபோன பழைய பிளாஸ்டிக் கொக்கிகள் உடையும்.

பாகங்களை எங்கே தேடுவது? கடையில் எப்படிக் கேட்பது?

கோவையில் உக்கடம் பக்கத்துப் பழைய உதிரிபாகக் கடைகள் பலருக்கும் தெரிந்தவை. லாரித் தொழில் நிறைந்த சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கங்களில் ஆயில் பிரஷர் மீட்டர், வோல்ட் மீட்டர் போன்ற தனி மீட்டர்கள் கிடைக்கும். ஆனால் 24 வோல்ட்டில் ஓடும் லாரியிலிருந்து எடுத்த மீட்டர் 12 வோல்ட் காருக்கு ஆகாது என்பதால், மீட்டரின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் ஆலை வைத்திருக்கும் பிரிக்கால் நிறுவனம் 1970களிலிருந்து வாகன மீட்டர்களைச் செய்துவருவதால், காயலான் கடை அடுக்குகளில் அதன் பெயர் பொறித்த மீட்டர்கள் அடிக்கடி கண்ணில் படும்.

கேட்கும் முறையில்தான் பாதி வேலை இருக்கிறது. “மீட்டர் போர்டு இருக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டால் மீட்டரை மட்டும்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மீட்டர், அதில் செருகும் கப்ளர், கப்ளரிலிருந்து குறைந்தது ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய ஒயர்கள், அதே வண்டியின் டேங்க்கில் பெட்ரோல் மட்டத்தை அளந்த மிதவையான ஃப்ளோட், அதே எஞ்சினில் இருந்த ஹீட் சென்சார் ஆகிய அனைத்தையும் ஒரே வண்டியிலிருந்து சேர்த்துக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: முள்ளும் அதற்குச் செய்தி அனுப்பும் சென்சாரும் ஒரே வண்டியிலிருந்து வந்திருந்தால் பொருத்துவது அரை நாள் வேலை, வெவ்வேறு வண்டிகளிலிருந்து வந்திருந்தால் அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கப்ளரை இழுத்துப் பிடுங்க விடாமல் ஒயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அதில் நட்டம் ஏதும் இல்லை.

ரசீது கேட்டு வாங்குங்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சொல்லத் தயங்கும் கடையில், மலிவாகக் கிடைத்தாலும் ஸ்டீரியோ வாங்காதீர்கள். திருட்டுப் பொருள்களில் முதலில் கைமாறுவது அதுதான்.

வாங்கும் முன் கடையிலேயே எப்படிச் சோதிப்பது?

ஒரு மல்டிமீட்டரை எடுத்துச் செல்லுங்கள். ஃப்ளோட்டின் இரு முனைகளிலும் அதை ஓம் அளவில் வைத்துப் பிடித்து, மிதவையின் கையைக் கீழிருந்து மேலாக மிக மெதுவாகத் தூக்க வேண்டும். எண் தொடர்ந்து ஏறவோ தொடர்ந்து இறங்கவோ வேண்டும். நடுவில் ஓரிடத்தில் எண் மறைந்து மறுபடி தோன்றினால், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுற்று அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் அந்த மட்டத்துக்கு வரும்போதெல்லாம் முள் துள்ளும். அடிமட்டத்தில் காட்டும் எண்ணையும் மேல்மட்டத்தில் காட்டும் எண்ணையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹீட் சென்சாருக்குப் பக்கத்து டீக்கடை போதும். ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி, சென்சாரின் பித்தளை முனையை அதில் நனைத்தபடி அதன் உடலுக்கும் முனைக்கும் இடையிலான ஓமை அளந்தால், சூடு ஏற ஏற எண் வேகமாகக் குறைய வேண்டும். நீர் ஆறும்போது எண் திரும்பவும் கூட வேண்டும். எண் அசையாமல் நின்றால் அந்தச் சென்சார் செத்துவிட்டது.

மீட்டரைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் செம்புத் தடங்கள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதில் கீறலோ, பல்பு ஹோல்டரைச் சுற்றிக் கருகலோ இருந்தால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள். பச்சை பூத்திருப்பது மட்டும் குறையாகாது. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்துவிடலாம். முன்பக்கக் கண்ணாடியில் இருக்கும் கீறல்களை மெழுகுப் பசையால் பெரும்பாலும் போக்கிவிட முடியும் என்பதால், அதற்காக நல்ல மீட்டரைத் தள்ளிவிட வேண்டாம்.

புதிதாகப் பொருத்திய பெட்ரோல் மீட்டரில், டேங்க் காலியாகும்போது முள் நிறைந்ததாகக் காட்டுகிறது. ஏன்?

ஃப்ளோட்டும் மீட்டரும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவையாக இருப்பதே காரணம். ஐரோப்பிய விடிஓ வகை ஃப்ளோட் காலி டேங்க்கில் சுமார் 10 ஓமும் நிறைந்த டேங்க்கில் சுமார் 180 ஓமும் காட்டும். அமெரிக்க வகை காலியில் சுமார் 240, நிறைவில் சுமார் 33 என்று நேர்மாறாகப் போகும். ஜப்பானிய வழியில் வந்த மாருதி வகைகளும் நிறைவில் குறைந்த ஓம் என்ற திசையிலேயே செல்பவை. திசை மாறிய இரண்டை இணைத்தால் முள் தலைகீழாக ஓடும். திசை ஒன்றாக இருந்து அளவு மட்டும் மாறினால், நிரப்பிய பிறகும் முக்கால்தான் என்று காட்டும்.

சிலர் இடையில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். அது ஏதாவது ஒரு முனையைத்தான் சரிசெய்யும், மறுமுனை நகர்ந்துவிடும். அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால் காலி முனையைச் சரியாக வையுங்கள்; நிறைந்த டேங்க்கை முக்கால் என்று காட்டுவதால் யாரும் நடுவழியில் நிற்கப்போவதில்லை. ஆனால் சரியான வழி, மீட்டரோடு வந்த ஃப்ளோட்டின் கம்பிச்சுற்றுப் பகுதியை உங்கள் டேங்க்கின் ஃப்ளோட் சட்டத்துக்கு மாற்றுவதுதான். மிதவைக் கையின் நீளம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீளம் மாறினால் கணக்கும் மாறும்.

டேங்க்கைத் திறக்கும் வேலையை மூடிய ஷெட்டுக்குள் செய்யவே கூடாது. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றி, வெட்டவெளியில், பல்பு வெளிச்சம் இல்லாமல் பகலில் செய்யுங்கள். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போட வேண்டாம். அது கசிந்தால் டேங்க்கை நிரப்பிய அன்றே உள்ளே பெட்ரோல் வாடை வரும்.

பெட்ரோல் முள், ஹீட் முள் இரண்டுமே ஒரே நேரத்தில் கூடுதலாகக் காட்டுகின்றன. இரண்டு சென்சார்களையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இரண்டும் ஒன்றாகத் தவறினால், இரண்டுக்கும் பொதுவானதைத் தேடுங்கள். வெப்பத் தகடு வளைந்து முள்ளைத் தள்ளும் பழைய வகை மீட்டர்களுக்குப் பின்னால், மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பிச் சராசரியாக 10 வோல்ட்டில் நிறுத்தும் ஒரு சிறு பெட்டி இருக்கும். அது இறுகிப்போனாலோ அதன் அர்த் விட்டுப்போனாலோ பேட்டரியின் முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போய், இரண்டு முள்களும் மேலே ஏறும். 7810 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் சிப்பை அதனிடத்தில் வைத்து, அதன் உலோக முதுகை மீட்டரின் தகட்டோடு திருகிவிட்டால் பிரச்சினை தீரும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருள் அது.

ஸ்பீடோமீட்டர் வேறு வண்டியுடையது. அது காட்டும் வேகத்தை நம்பலாமா?

அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. கேபிள் வகை ஸ்பீடோமீட்டரில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது; அந்தக் காந்தம் அலுமினியக் கிண்ணம் ஒன்றைத் தொடாமலே இழுக்கிறது; கிண்ணத்தோடு முள் நகர்கிறது. எனவே, ஒரு கிலோமீட்டருக்குக் கம்பி எத்தனை முறை சுற்றும் என்று எண்ணி அந்த மீட்டரைச் செய்தார்களோ, உங்கள் கியர்பாக்ஸும் அத்தனை முறைதான் சுற்ற வேண்டும். ஜப்பானியத் தர அளவு கிலோமீட்டருக்கு 637 சுற்று. சில ஐரோப்பிய மீட்டர்களின் முகப்பிலேயே அந்தந்த மீட்டருக்குரிய சுற்று எண் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

உங்கள் காரின் அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மீட்டர் பக்கத்தில் கேபிளைக் கழற்றி, வெளியே தெரியும் உள்கம்பியின் நுனியில் ஒரு சிறு காகிதக் கொடியை ஒட்டுங்கள். சமதளமான தரையில் 20 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, காரை நியூட்ரலில் வைத்து ஒருவர் மெதுவாகத் தள்ள, மற்றொருவர் உள்ளே உட்கார்ந்து கொடியின் சுற்றுகளை எண்ண வேண்டும். 637 என்ற அளவுள்ள வண்டியாக இருந்தால் கொடி ஏறத்தாழ 12¾ சுற்றுச் சுற்றும். நீங்கள் வாங்கியது 637க்குச் செய்த மீட்டராக இருந்து, 11 அல்லது 15 என்று வந்தால் அது உங்கள் வண்டிக்கு ஒத்துவராது. உங்கள் பழைய மீட்டரின் உட்பொறியை எடுத்துப் புதிய முகப்புக்குள் வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

பொருத்திய பிறகு கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டாலும் சேலம்–கோவை நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. உண்மையான 60 கி.மீ. வேகத்தில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக 60 நொடி ஆகும். மீட்டர் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம், குறைவாகக் காட்டக் கூடாது.

டயர் அளவை மாற்றியிருக்கிறேன். அது மீட்டரைப் பாதிக்குமா?

பாதிக்கும். 145/70 ஆர் 12 டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 508 மி.மீ.; 155/65 ஆர் 13 டயருடையது ஏறத்தாழ 532 மி.மீ. அதாவது 4.7 விழுக்காடு பெரிது. மீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 63இல் போய்க்கொண்டிருக்கும். டயரை மாற்றியவர்கள் மேலே சொன்ன 20 மீட்டர் சோதனையைப் புதிய டயரோடுதான் செய்ய வேண்டும்.

மாருதி 800இல் ஆர்பிஎம் மீட்டர் வைக்க முடியுமா?

முடியும், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் மைனஸ் முனையில் வரும் துடிப்புகளை எண்ணுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 2 துடிப்பும், மூன்று சிலிண்டர் எஞ்சின் 1½ துடிப்பும் தரும். டிஸ்ட்ரிபியூட்டரும் ஒற்றைக் காயிலும் உள்ள கார்பரேட்டர் மாருதி 800க்கு மூன்று சிலிண்டர்கள். எஸ்டீம் போன்ற நான்கு சிலிண்டர் வண்டியின் மீட்டரை அதில் மாட்டினால், எஞ்சின் 2,000இல் ஓடும்போது மீட்டர் 1,500 என்று காட்டும். எப்போதும் முக்கால் பங்குதான். மீட்டரின் சர்க்யூட்டில் திருகித் திருப்பும் சிறு ரெசிஸ்டர் இருந்தால் அதை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் முகப்பு எண்களை மாற்றி அச்சிட்டு ஒட்டுபவர்கள் உண்டு. கடையில் விற்கும் அலங்கார வகைகளில் 4, 6, 8 என்ற சுவிட்ச் இருக்கும்; மூன்று சிலிண்டருக்கான நிலை பெரும்பாலும் இருக்காது.

காயிலின் அந்த முனையில் தீப்பொறி விழும் நொடியில் நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும் என்பதால், அங்கிருந்து வரும் ஒயரை நல்ல இன்சுலேஷனோடு, ஸ்டீரியோ ஒயர்களை விட்டு விலக்கி இழுக்க வேண்டும். டீசல் வண்டியில் காயில் இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து எடுப்பார்கள். புல்லியின் விகிதத்துக்கு ஏற்ப அதையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

மீட்டர் போர்டை மாற்றிய பிறகு பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. எலக்ட்ரீசியன் டைனமோ போய்விட்டது என்கிறார்.

டைனமோ என்று அவர் சொல்லும் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் மீட்டர் போர்டில் உள்ள சிவப்புப் பேட்டரி விளக்கைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்த விளக்கு வெறும் அறிவிப்புக்காக மட்டும் இல்லை. வண்டியைக் கிளப்பும்போது ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்கு முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகவே போகிறது. மாற்று மீட்டரில் அந்தப் பல்பு இல்லாவிட்டாலோ, அழகுக்காக எல்லாப் பல்புகளையும் எல்இடி ஆக்கியிருந்தாலோ, போதுமான மின்சாரம் போகாமல் ஆல்டர்னேட்டர் விழிக்காது. சாவியைத் திருப்பி எஞ்சின் கிளம்பும் முன் அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பழைய மீட்டரில் இருந்த அதே இழை பல்பை அந்த ஒரு இடத்தில் மட்டும் போடுங்கள். மற்ற வெளிச்ச பல்புகளை எல்இடியாக வைத்துக்கொள்ளலாம்; எரியாத எல்இடியை ஹோல்டரில் திருப்பிப் போட்டால் எரியும், அதற்குப் பிளஸ் மைனஸ் உண்டு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8இலிருந்து 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று பொருள்.

பழைய அம்பாசிடர் பாணியில் ஆம்பியர் மீட்டர் வைக்கலாமா?

வோல்ட் மீட்டரே போதும். ஆம்பியர் மீட்டரை வைத்தால் வண்டியின் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டுக்குள் வந்து திரும்ப வேண்டும். அங்கே ஒயர் முனையில் இருக்கும் ஒரு லக் தளர்ந்தாலும் தீப்பிடிக்க வழி உண்டு. வோல்ட் மீட்டருக்கு இரண்டு மெல்லிய ஒயரும் ஒரு சிறிய ஃபியூஸும் மட்டும் வேண்டும்.

இன்றைய கார்களின் டிஜிட்டல் மீட்டரைப் பழைய காரில் மாட்டலாமா?

பார்க்க ஆசையாக இருக்கும். மாட்டுவதில் பயன் இருக்காது. அந்த மீட்டர்களுக்கு வேகம், சூடு, ஆர்பிஎம் எல்லாம் கேன் என்ற தரவு இழை வழியாக எண்களாக வருகின்றன. அனுப்ப எஞ்சின் கணினி இல்லாத வண்டியில் அவை எச்சரிக்கை விளக்குகளை மட்டும் எரித்துக்கொண்டு நிற்கும். நிரலெழுதத் தெரிந்தவர்கள் ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலரை வைத்து அந்தச் செய்திகளைப் போலியாக உருவாக்கி ஓட்டுகிறார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் விடுமுறைக்கு நல்ல வேலை. நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்றிய மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கிறது. சட்டச் சிக்கல் வருமா?

வேகம் காட்டும் மீட்டர் வண்டியில் இருந்தே ஆக வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117ஆவது விதி. எனவே 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது ஸ்பீடோமீட்டர் ஓடாமல் இருக்கக் கூடாது. பழுதான மீட்டருக்குப் பதில் ஓடும் மீட்டரை வைப்பதில் தவறில்லை. ஓடிய தூரத்தை மறைத்து வண்டியை விற்பது மோசடி. மாற்றும் நாளில் பழைய மீட்டரின் எண், புதிய மீட்டரின் எண் இரண்டையும் தேதியோடு படமெடுத்து, சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, கடை ரசீதையும் அதோடு சேர்த்து வையுங்கள். வாங்க வருபவர் கேட்கும் முன் நீங்களே காட்டிவிடுங்கள். பழைய மீட்டரையும் வண்டியோடு கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

ஸ்டீரியோ வாங்கும்போது எந்த அளவைக் கேட்பது? ஒயர்களை எப்படி அடையாளம் காண்பது?

கார் ஸ்டீரியோவின் அளவை ‘டின்’ என்ற தர அளவில் சொல்வார்கள். ஒற்றை டின் அளவு 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது; இரட்டை டின் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம். பழைய கார்களில் பெரும்பாலும் ஒற்றை டின் இடமே இருக்கும். இரட்டை டின்னுக்காக டேஷ்போர்டை அறுக்கத் தூண்டுபவர்கள் இருப்பார்கள். அறுத்த டேஷ்போர்டுக்கு மாற்றுத் தேடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கடைகளில் தனியாக விற்கப்பட்ட செட்களின் ஒயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே முறையில் இருக்கும். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வேண்டுவது, சிவப்பு சாவி வழியாக வருவது, கறுப்பு அர்த், நீலம் ஆன்டெனாவுக்கு, வெள்ளைக் கோடிட்ட நீலம் ஆம்ப்ளிஃபயரை எழுப்ப. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது ஸ்பீக்கர்கள். அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் அது மைனஸ். கார் நிறுவனமே பொருத்திக் கொடுத்த செட்களில் இந்த முறை செல்லாது. அவற்றில் சில, மின்சாரம் துண்டிக்கப்பட்டால் ரகசிய எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். எண் இல்லாமல் விற்கும் அத்தகைய செட்டை வாங்க வேண்டாம்.

மஞ்சள் ஒயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுப்பதானால் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரைப் பயன்படுத்தி, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃபியூஸ் வையுங்கள். செட்டின் முதுகில் இருக்கும் ஃபியூஸ் செட்டை மட்டுமே காக்கும். வழியில் ஒயர் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் வண்டியைக் காப்பது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ்தான்.

புதிய செட்டை மாட்டியதும் சூடாகி நின்றுவிடுகிறது. பழைய செட் அதே ஸ்பீக்கர்களில் நன்றாகப் பாடியதே?

மிகப் பழைய டேப் செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கும். ஒரு ஸ்பீக்கருக்கு ஒரே ஒயர்தான் வரும். பிறகு வந்த செட்களில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் செட்டே மின்சாரம் செலுத்துகிறது. அவற்றில் எந்த ஸ்பீக்கர் ஒயரும் பாடியைத் தொடக் கூடாது. பழைய ஒயரிங்கை அப்படியே பயன்படுத்தினால் செட் தன்னைக் காத்துக்கொள்ள நிற்கும், அல்லது உள்ளிருக்கும் சிப் எரிந்துபோகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரட்டை ஒயர் இழுத்துவிடுங்கள்.

ஸ்பீக்கரையும் சோதியுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 3.2இலிருந்து 3.6 ஓம் வரை காட்டும். ஒரு 1.5 வோல்ட் செல்லைத் தொட்டால் ‘டொப்’பென்று ஒலி வர வேண்டும், கூம்பு வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். விரல்களால் கூம்பைச் சீராக அழுத்தும்போது உள்ளே கரகரவென்று உரசினால் அது வேண்டாம்.

முகப்பில் “50 வாட் × 4” என்று எழுதியிருக்கிறதே?

14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், வோல்ட்டை உயர்த்தும் தனி மின்மாற்றி இல்லாத ஒரு செட் சிதையாமல் தரக்கூடிய உச்சம் கணக்குப்படி ஏறத்தாழ 26 வாட். நடைமுறையில் அதற்கும் குறைவே. எழுதியிருப்பதைப் பார்த்து விலை பேசாதீர்கள்.

ஜப்பானிலிருந்து வந்த செட்டில் கோவை எஃப்.எம். நிலையங்கள் கிடைக்கவில்லை. ஆன்டெனா பழுதா?

ஆன்டெனாவில் குறை இருக்காது. ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, பழைய செட்களில் 90இலேயே முடிந்துவிடும். கோவையின் ரேடியோ சிட்டி 91.1, சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ரெயின்போ 103, ஹலோ 106.4 எல்லாம் அதற்கு மேலே இருப்பதால் ஒன்றுகூட அதில் வராது. அமெரிக்கச் செட்களில் வேறொரு தொல்லை. அவை 0.2 மெகாஹெர்ட்ஸ் படிகளில், ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே நிற்கும், 93.5 கிடைக்கும், 106.4 சரியாகக் கிடைக்காது. மத்திய அலையிலும் அவை 10 கிலோஹெர்ட்ஸ் படியில் தாவுவதால் கோவை வானொலியின் 999இல் சரியாக நிற்காது. பல செட்களில் நாட்டை மாற்றும் அமைப்பு உள்ளே இருக்கும். அதைக் கடையிலேயே மாற்றிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம் ஏறுகிறது.

பெரும்பாலும் அர்த் கோளாறுதான். செட்டின் கறுப்பு ஒயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் திருகுங்கள். செட், ஆம்ப்ளிஃபயர் இரண்டுக்கும் அர்த் ஒரே இடத்தில் இருக்கட்டும். சத்தம் தொடர்ந்தால் ஆடியோ ஒயர்களை மின்சார ஒயர்களிலிருந்து பிரித்து, வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள்.

நான்கு நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஸ்டீரியோதான் காரணமா?

அளந்தால் தெரிந்துவிடும். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 200 என்று காட்டினால் நாளொன்றுக்கு 4.8 ஆம்பியர் மணி போகிறது. 35 ஆம்பியர் மணிப் பேட்டரி ஐந்து நாளில் மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிடும். ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயரைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். எண் சட்டென விழுந்தால் குற்றவாளி அதுதான். பெரும்பாலும் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்திருப்பார்கள். சிவப்பைப் பிரித்துச் சாவி வழியாகக் கொடுத்தால் போதும்.

பழைய டேப் செட்டின் முகப்பை விட மனமில்லை. அதிலேயே கைப்பேசிப் பாட்டைக் கேட்க முடியுமா?

முடியும். டேப் ஓடும் நிலையில் இருந்தால், கேசட் வடிவில் இருக்கும் அடாப்டரைச் செருகிக் கேட்பதே எளிது. டேப் ஓடாவிட்டால் முதலில் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தவற்றில் அது உருகித் தார்போல் ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தெடுத்துப் புதிய பெல்ட் போட்டால் பல செட்கள் மீண்டும் ஓடும். அதுவும் முடியாதபோது, உடைந்த ப்ளூடூத் ஸ்பீக்கரிலிருந்து எடுத்த மாட்யூலை வால்யூம் கன்ட்ரோலின் உள்முனையில் இணைத்து, 7805 ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட் கொடுப்பார்கள். மாட்யூலின் அர்த்தும் செட்டின் அர்த்தும் ஒன்றானதும் சலசலப்புக் கேட்டால், மாட்யூலுக்கும் செட்டுக்கும் நடுவே ஆடியோ ஒயரில் தனிமைப்படுத்தும் சிறு டிரான்ஸ்ஃபார்மரைப் போட வேண்டியிருக்கும்.